கொள்ளளவும் விலையும்: பலகைக் கணினி வாங்குவோர் அறிய வேண்டுவன

ஓலைச்சுவடியில் தொடங்கிய தமிழர் கல்வி, தாளைக் கடந்து, இன்று டேப்லெட் எனப்படும் பலகைக் கணினியை வந்தடைந்துள்ளது. பிள்ளைகளுக்கு அதனை வாங்கித் தர முற்படும் பெற்றோர் முதலில் நோக்குவது விலையை. கொள்ளளவை நோக்குவோர் சிலரே. இவ்விரண்டும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை ஈண்டுக் காண்போம்.

அரிசி மண்டியில் பெரிய மூட்டையாக வாங்கினால் கிலோவுக்கு விலை குறைவதை நாம் அறிவோம். பலகைக் கணினிச் சந்தையின் இயல்பு வேறு. 2012ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம் நெக்சஸ் 7 என்னும் சிறு கருவியை வெளியிட்டது. 8 ஜி.பி. கொள்ளளவுடையதன் விலை 199 டாலர், 16 ஜி.பி. உடையதன் விலை 249 டாலர். அவற்றைப் பிரித்து ஆராய்ந்த ஐசப்ளை என்னும் ஆய்வு நிறுவனம், உதிரிப்பொருட் செலவு முறையே ஏறத்தாழ 152 டாலர், 159 டாலர் எனக் கணித்தது. செலவில் வேறுபாடு ஏழெட்டு டாலர். விலையிலோ 50 டாலர்!

இதற்குக் காரணம் யாது? திரை, மின்கலம், செயலி ஆகிய பெருஞ்செலவுகள் இருவகைக்கும் பொதுவானவை. கொள்ளளவு குறைந்த கருவி, விளம்பரத்திற்கேற்ற விலையைத் தாங்கி நம்மைக் கடைக்கு அழைக்கிறது. கொள்ளளவு மிகுந்ததே வணிகருக்கு ஆதாயம் ஈட்டித் தருகிறது.

மற்றொரு முறையும் உண்டு. 2011இல் அமேசான் நிறுவனம் கிண்டில் ஃபயர் கருவியை, ஆக்கச் செலவை ஒட்டிய 199 டாலருக்கே விற்றது. நூல்களையும் திரைப்படங்களையும் பின்னர் விற்று ஆதாயம் காண்பதே அதன் நோக்கம். கருவியில் இருந்தது 8 ஜி.பி. மட்டுமே, எஞ்சியவற்றை இணையவழி 'மேகச் சேமிப்பில்' வைத்துக்கொள்ளலாம் என்றது அந்நிறுவனம்.

இங்குதான் நம் பகுதியின் சிக்கல் எழுகிறது. கல்வராயன் மலையில் மேகம் தலைக்கு மேலேயே தவழ்கிறது. ஆனால் மேகச் சேமிப்பு, அலைபேசி அலை சீராக எட்டாத சிற்றூர்க்குப் பயன்படுவதில்லை. அங்குள்ள மாணவர், கள்ளக்குறிச்சிக்கு வரும்போது பாடங்களைப் பதிவிறக்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். ஒரு மணி நேரக் காணொளிப் பாடத்திற்கு 300 எம்.பி. தேவை எனக் கொண்டால், 4 ஜி.பி. இடத்தில் ஏறத்தாழ 13 பாடங்களே அடங்கும். பெயரளவுக் கொள்ளளவில் ஒரு பகுதியை இயக்க மென்பொருள் முன்னரே எடுத்துக்கொள்ளும் என்பதையும் மறத்தலாகாது. நகரத்து மாணவர்க்குக் கூடுதல் வசதியாக அமையும் கொள்ளளவு, மலை மாணவர்க்கு இன்றியமையாத் தேவையாகிறது. விலையேற்றமோ அதன்மீதுதான் விழுகிறது.

இந்நிலையில் நடுவணரசின் 'ஆகாஷ்' திட்டம் எண்ணத்தக்கது. 2011 அக்டோபர் 5 அன்று வெளியிடப்பட்ட முதற் கருவி 2 ஜி.பி. உள்சேமிப்பே கொண்டிருந்தது, அதன் வேகக் குறைவு கண்டனத்திற்கு உள்ளானது. 2012 நவம்பர் 11 அன்று வந்த ஆகாஷ் 2, 4 ஜி.பி. கொண்டிருந்தது. அரசு ஏறத்தாழ 2,260 ரூபாய்க்கு வாங்கி, ஏறத்தாழப் பாதி விலைக்கு மாணவர்க்கு வழங்கத் திட்டமிட்டது. குறைகள் பல இருப்பினும், அம்மலிவுக் கருவியில் மெமரி கார்டு செருகும் வசதி இருந்தது. விலையுயர்ந்த நெக்சஸ் 7 கருவியில் அவ்வசதி இல்லை!

அன்றைய கொள்ளளவுகள் இன்று பன்மடங்கு பெருகியுள்ளன. எனினும் கொள்ளளவின் படிகளைக் காட்டி விலையை உயர்த்தும் முறை மாறவில்லை. ஆகவே, கருவி வாங்குவோர் மூன்றினை வினவுதல் வேண்டும்: பயன்பாட்டிற்கு எஞ்சும் கொள்ளளவு எவ்வளவு? மெமரி கார்டு செருக இடமுண்டா? இணையமின்றிப் பாடங்களைத் திறக்க இயலுமா? மாணவர்க்கெனக் கருவிகளை மொத்தமாக வாங்கும் அரசும் கல்வி நிறுவனங்களும் இவற்றையே நிபந்தனைகளாக விதித்தல் நன்று. மலையுச்சியில் திறக்காத பாடம், எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் பாடமாகாது.