அப்பாவுக்கும் அந்த முதல் வாரங்கள்

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் டி. நடராஜன், 2020 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஐ.பி.எல். ஆடிக்கொண்டிருந்தபோது ஊரில் அவருக்கு மகள் பிறந்தாள். முகம் பார்க்க ஊருக்கு வருவதற்குள் இந்திய அணியோடு ஆஸ்திரேலியா போகும் வாய்ப்பு வந்துவிட்டது. அங்கிருந்தே விமானம் ஏறினார். ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் என மூன்று வகை ஆட்டங்களிலும் ஒரே பயணத்தில் அறிமுகமான முதல் இந்தியர் என்ற பெருமையோடு 2021 ஜனவரியில் திரும்பினார். சின்னப்பம்பட்டி அவரைச் சாரட் வண்டியில் ஏற்றி ஊர்வலமாக அழைத்துப் போனது. அப்போது மகளுக்கு இரண்டு மாதம் தாண்டியிருந்தது.

அதே பயணத்தில் அணித்தலைவர் விராட் கோலி அடிலெய்டு டெஸ்ட் முடிந்ததும் மனைவியின் முதல் பிரசவத்துக்காக விடுப்பில் நாடு திரும்பினார். ஓர் அணிக்குள் இருவருக்கு இரு நிலையா என்று சுனில் கவாஸ்கர் தன் பத்தியில் கேட்டார். கோலி செய்தது சரிதான். நடராஜனுக்கும் அது கிடைத்திருக்க வேண்டும்.

நம்மூர் அப்பாக்களில் பெரும்பாலோர் நடராஜன் பக்கம் நிற்பவர்கள். வளைகுடாவில் வேலை பார்ப்பவர் வீடியோ அழைப்பில் குழந்தையைப் பார்க்கிறார். லாரி ஓட்டுபவர் அடுத்த லோடு இறக்கிவிட்டு வந்து பார்க்கிறார். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு 15 நாள் முன்பிருந்து, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் வரை அதை எடுத்துக்கொள்ளலாம். தனியார் துறைக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. நிறுவனம் மனம் வைத்தால் உண்டு. 2017இல் தாய்மார்களின் பேறுகால விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. அதே ஆண்டு மக்களவையில் ராஜீவ் சாதவ் கொண்டுவந்த தந்தைமை விடுப்புத் தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. தமிழர்கள் நிறைந்த மலேசியாவில் 2023 முதல் தனியார் ஊழியருக்கும் 7 நாள் உண்டு. சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் முதல் 4 வாரம், அரசே சம்பளம் தருகிறது.

சட்டத்தைவிடப் பழைய ஒரு காரணமும் இருக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்து பெண் கிளம்பிவிடுவாள். குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகுதான் புகுந்த வீடு. இந்த வழக்கத்தால் அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது பெரிது. பத்தியச் சாப்பாடு, பகல் தூக்கம், எதையும் தயங்காமல் கேட்கக்கூடிய சொந்த அம்மா. அதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் குழந்தையின் அப்பா அந்த வீட்டில் விருந்தாளி ஆகிவிடுகிறார். சனிக்கிழமை இரவு பஸ் பிடித்து வருகிறார். நாற்காலியும் காபியும் வருகின்றன. "பார்த்துப் பிடிங்க மாப்பிள்ளை, இன்னும் கழுத்து நிக்கலை" என்று ஐந்து நிமிடம் குழந்தையைக் கையில் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். ஞாயிறு இரவு மறுபடி பஸ். குளிப்பாட்டும்போதும் துணி மாற்றும்போதும் அவர் வாசல் திண்ணையில் இருக்கிறார்.

அந்த ஐந்து நிமிடம் போதாது என்பதற்கு உடலிலேயே சான்று உண்டு. பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றை லீ கெட்லரும் உடன் பணியாற்றியவர்களும் 2011இல் வெளியிட்டார்கள். ஆய்வு நடந்த ஆண்டுகளில் அப்பாவானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. நாளுக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அது இன்னும் குறைவாக இருந்தது. ஆணின் உடலும் பிள்ளை வளர்ப்புக்காகத் தன்னை மாற்றிக்கொள்கிறது. பிள்ளையோடு நேரம் கழிப்பதும் அந்த மாற்றமும் சேர்ந்தே போகின்றன.

குழந்தையின் பக்கமிருந்து பார்த்தாலும் அப்படித்தான். பிறந்த குழந்தை மற்றப் பெண்களின் குரலைவிடத் தன் தாயின் குரலையே விரும்பிக் கேட்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் அந்தோணி டிகாஸ்பர் 1980இல் காட்டினார். கருவிலேயே கேட்டுப் பழகிய குரல் அது. 1984இல் அவரே அப்பாக்களின் குரலையும் சோதித்தார். இரண்டு ஆண் குரல்களுக்கிடையே வேறுபாடு குழந்தைக்குத் தெரிந்தது. அப்பாவின் குரலை மட்டும் தேடும் விருப்பம் இன்னும் வந்திருக்கவில்லை. பிறந்த பிறகு பேசிப் பேசித்தான் அந்த உறவு வர வேண்டும். கைக்குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் ஏந்தி முகத்தருகே பேசினால் அந்த தூரம் சரியாக அமையும். என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம். அன்றைக்கு நடந்ததைச் சொன்னாலே போதும்.

பேச்சோடு தொடுதலும் வேண்டும். கொலம்பியாவின் போகோட்டா நகரில் 1978இல் ஒரு மகப்பேறு மருத்துவமனை இன்குபேட்டர் பற்றாக்குறையாலும் நோய்த்தொற்றாலும் தவித்தது. எட்கர் ரே என்ற மருத்துவர், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்திக் கட்டி வைக்கச் செய்தார். கங்காரு பராமரிப்பு என்று இன்று உலகம் முழுவதும் பரவியிருப்பது அதுதான். இந்தியாவிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனேயே இதைத் தொடங்கிய எடை குறைந்த குழந்தைகளிடையே முதல் 28 நாள் மரணம் 25 சதவீதம் குறைந்தது. அடுத்த ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இதையே பரிந்துரையாக்கியது. இதை அப்பாவும் செய்யலாம். சிசேரியன் முடிந்து அம்மா வார்டுக்கு வரும் வரையும், அவளுக்குக் காய்ச்சலோ அசதியோ உள்ள நேரத்திலும் அப்பாவின் மார்பு அந்த வேலையைச் செய்யும். சட்டையைக் கழற்றிவிட்டு, தொப்பியும் இடுப்புத் துணியும் மட்டும் அணிந்த குழந்தையை மார்போடு நிமிர்த்தி வைத்து, மூக்கு அழுந்தாதபடி முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, மேலே ஒரு துணியைச் சுற்றினால் போதும். குறைமாதம் இல்லாத குழந்தைக்கும் இது நல்லது. புகைபிடிப்பவர் மட்டும் கையைக் கழுவி, துணி மாற்றிக்கொண்டு வர வேண்டும். விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

முதல் வாரத்தில் வீட்டையே கலக்குவது எடை. பிறந்தபோது மூன்று கிலோ இருந்த குழந்தை நான்காம் நாள் 2.8 கிலோ காட்டும். "பால் பத்தலை, பவுடர் பால் வாங்கிட்டு வாங்க" என்று யாராவது அப்பாவைக் கடைக்குத் துரத்துவார்கள். பிறந்த எடையில் 7 சதவீதம்வரை குறைவது இயல்பு. பத்துக்கு மேல் போனால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிடும். பால் போதுகிறதா என்பதை ஈரத்துணி சொல்லும். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு தடவை என்று ஏறி, ஐந்தாம் நாளிலிருந்து ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போனால் பால் போதுகிறது. மலமும் கரும்பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருக்கும். துணி மாற்றும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்கு அவர் கையில் இருக்கும். மருத்துவர் கேட்கும்போது வீட்டில் துல்லியமாகப் பதில் சொல்லக்கூடியவர் அவராகத்தான் இருப்பார்.

பிறந்தவுடன் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் வைப்பதை, அதாவது சேனை தொடுவதை, பல வீடுகளில் விட முடியவில்லை. ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர தண்ணீர்கூடத் தேவையில்லை. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற, நரம்பைத் தாக்கும் நோய் வரும் ஆபத்து உண்டு. வசம்பு உரைத்துப் புகட்டுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதுவது, கண்ணுக்கு மை தீட்டுவது, குளித்த பிறகு சாம்பிராணிப் புகை காட்டுவது, தொப்புளில் எதையாவது தடவுவது: குழந்தை மருத்துவர்கள் இவை எதையும் ஏற்பதில்லை. நாசியில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாக முடியலாம். தொப்புள்கொடியை உலர்வாக விட்டாலே ஒன்றிரண்டு வாரத்தில் தானே உதிரும். இதையெல்லாம் பெரியவர்களிடம் சொல்வது பிரசவித்த பெண்ணுக்குச் சிரமம். அவள் அவர்களை நம்பித்தான் இருக்கிறாள். "டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க அத்தை" என்று மாப்பிள்ளை பணிவாகச் சொன்னால் அதற்குத் தனி மதிப்பு. அந்த வீட்டில் அவருக்குக் கிடைக்கும் மரியாதையை இதைவிட நல்ல காரியத்துக்குச் செலவிட முடியாது.

இரண்டாம் மூன்றாம் நாளில் உடம்பில் மஞ்சள் தெரியும். நிறைமாதக் குழந்தைகளில் பாதிக்கும் மேல் இது வரும். பெரும்பாலும் தானே போய்விடும். இதற்கான வைத்தியம் வந்த கதை சொல்லத் தக்கது. இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட செவிலியர் ஜீன் வார்டு, வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். 1956இல் ஒருநாள் ஒரு குழந்தையின் உடம்பு வெளுத்திருக்க, துணி மூடியிருந்த முக்கோணப் பகுதி மட்டும் மஞ்சளாகவே இருப்பதை மருத்துவர்களிடம் காட்டினார். அதிலிருந்துதான் ஒளிச் சிகிச்சை பிறந்தது; 1958இல் கிரெமர் குழுவினர் அதை லான்செட் இதழில் எழுதினார்கள். நீல ஒளி, தோலில் தேங்கிய பிலிரூபினை உடல் எளிதாக வெளியேற்றும் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. மருத்துவமனை விளக்கைப் போல அளவாகவும் சீராகவும் காலை வெயிலில் அந்த ஒளி கிடைக்காது. ஆகவே வெயிலை நம்பிக் காத்திருக்கக் கூடாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் வந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ அன்றே மருத்துவமனை. பிலிரூபின் மிக அதிகமானால் மூளையைத் தாக்கும், செவித்திறனும் போகலாம்.

வேறு சில அறிகுறிகளையும் அப்பா மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். அமைதியாக இருக்கும் குழந்தை நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விடுவது, நெஞ்சுக்கூடு உள்ளே குழிவது, காய்ச்சல், உடம்பு சில்லிடுவது, வலிப்பு, பால் குடிப்பதை நிறுத்துவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை விடியட்டும் என்று இருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். தாய்க்கும் அப்படித்தான். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனையும் உதிரப்போக்கு, காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் தாமதிக்கக் கூடாது.

பிறகு அழுகை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன் 1962இல் 80 குழந்தைகளின் அழுகையைப் பெற்றோரிடம் குறித்து வைக்கச் சொல்லி ஆராய்ந்தார். இரண்டாம் வாரத்திலிருந்து அழுகை கூடி, ஆறாம் வாரத்தில் நாளுக்கு இரண்டே முக்கால் மணி நேரம்வரை போய், பிறகு குறைந்தது. பெரும்பகுதி மாலையிலும் முன்னிரவிலும். வேலை முடிந்து அப்பா வரும் நேரம் அது. பசி, ஈரம், ஏப்பம் எல்லாம் பார்த்த பிறகும் அழுகை நிற்காமல் போகலாம். யார் மீதும் தவறில்லை. தோளில் போட்டு நடக்கலாம். பொறுமை எல்லை தாண்டுவது போலிருந்தால் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுச் சில நிமிடம் அடுத்த அறைக்குப் போகலாம். குலுக்க மட்டும் கூடாது. கழுத்து நிற்காத குழந்தையைச் சில நொடி வேகமாகக் குலுக்கினாலே மூளையில் ரத்தம் கசியும். தூங்க வைக்கும்போதும் மல்லாக்கத்தான், தலையணை இல்லாமல். தூளியில் போட்டால் மோவாய் மார்பில் அழுந்தாமல் பார்க்க வேண்டும்.

குழந்தை நாளுக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கினாலும் ஒரே தடவையில் இரண்டு மூன்று மணி நேரம்தான். பாலோ நாளுக்கு 8 முதல் 12 தடவை. ஆக, அம்மாவின் தூக்கம் துண்டு துண்டாகிறது. நடு இரவில் பால் குடித்த குழந்தையை வாங்கி, ஏப்பம் விடவைத்து, துணி மாற்றி, தூங்கவைக்கும் பொறுப்பை அப்பா ஏற்றால் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம் மிச்சம். பிரசவமான மூன்று நான்கு நாளில் பல பெண்களுக்குக் காரணமில்லாமல் அழுகை வரும். இரண்டு வாரத்தில் தெளியும். தெளியாவிட்டால் அது மனச்சோர்வு, சிகிச்சை உண்டு. ஆண்களுக்கும் இது வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான கணக்குப்படி, மனைவியின் கர்ப்ப காலத்திலிருந்து குழந்தையின் முதல் பிறந்தநாள் வரையான காலத்தில் பத்து அப்பாக்களில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்தது. அவர்களில் பலர் அதை எரிச்சல் என்றும் வேலைச் சுமை என்றும் நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

காகித வேலைகளை அப்பா முழுதாக எடுத்துக்கொள்ளலாம். 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். மருத்துவமனையில் பிறந்திருந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். பெற்றோர் பெயர்களின் எழுத்தை மட்டும் அங்கேயே சரிபார்க்க வேண்டும், பின்னால் திருத்துவது பெரும்பாடு. குழந்தைக்குப் பெயர் முடிவாகாவிட்டால் கவலையில்லை, ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்.

பிறந்ததுமே பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி போடப்பட்டிருக்கும். பி.சி.ஜி. போட்ட இடது தோளில் சில வாரம் கழித்துச் சிறு கொப்புளம் வந்து ஆறும். மருந்து தடவ வேண்டாம். அடுத்தது ஆறாம் வாரம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசியின்போது அம்மா பால் கொடுத்துக்கொண்டிருந்தால் குழந்தைக்கு வலி குறைகிறது. அதனால் அப்பா கூடப் போய்க் காலைப் பிடித்துக்கொண்டால் அவளுக்குப் பெரிய உதவி. அன்றிரவு காய்ச்சல் அடிக்கலாம். எடைக்கேற்ற மருந்தளவைச் செவிலியரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த ஊசிகள் பத்தாம் வாரமும் பதினான்காம் வாரமும். அந்த இரண்டு புதன்கிழமைகளுக்கும் வேலையிடத்தில் இப்போதே சொல்லிவைத்துவிடலாம்.