ஆஸ்கருக்குப் படத்தை அனுப்புவது யார்?

98-வது ஆஸ்கரின் சர்வதேசத் திரைப்படப் பிரிவுக்குப் படங்களை அனுப்ப 2025 அக்டோபர் 1 கடைசி நாளாக இருந்தது. இந்தியாவின் சார்பில் நீரஜ் கேவானின் ‘ஹோம்பவுண்ட்’ போனது. ‘மத்திய அரசு ஏன் தமிழ்ப் படத்தை அனுப்பவில்லை?’ என்று வாசகர்கள் பலர் கோபமாக எழுதியிருக்கிறார்கள்.

அனுப்புவது அரசு அல்ல. தயாரிப்பாளர், விநியோகஸ்தர், தியேட்டர் உரிமையாளர் சங்கங்களின் தலைமை அமைப்பான ஃபிலிம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா. அதன் நடுவர் குழு, கட்டணம் கட்டி விண்ணப்பித்த படங்களை மட்டுமே பார்க்கும். ‘இந்தியாவின் அதிகாரபூர்வத் தேர்வு’ என்றால், அவற்றில் அந்தக் குழுவுக்குப் பிடித்த படம். அதற்கு மேல் அந்தச் சொல்லுக்குக் கனம் இல்லை.

சிக்கலின் வேர் ஆஸ்கர் அகாடமியின் 2025 விதியில் இருந்தது: ஒரு நாட்டுக்கு ஒரு படம், அதையும் அந்த நாடே அனுப்ப வேண்டும். 2024-ல் ஜானு பரூவா தலைமையில் 13 பேர், எல்லோரும் ஆண்கள், ‘லாபதா லேடீஸ்’ படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரீ விருது வென்ற பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்’ வெளியே நின்றது. இந்தியாவில் நடக்கும் ஐரோப்பியப் படம்போல இருந்ததாக நடுவர்கள் கருதினார்களாம். மும்பைச் செவிலியர்கள் மலையாளமும் இந்தியும் பேசும் படம் அது! கூட்டுத் தயாரிப்பு நாடான பிரான்ஸும் ‘எமிலியா பெரெஸ்’ படத்தை அனுப்பிவிட, அதற்கு வாசலே இல்லாமல் போனது. அதே ஆண்டு பிரிட்டன் அனுப்பிய படம், சந்தியா சூரியின் ‘சந்தோஷ்’. முழுக்க இந்திப் படம். 15 படங்களின் குறும்பட்டியலில் அது இடம்பிடித்தது. ‘லாபதா லேடீஸ்’ இடம்பிடிக்கவில்லை. காவல் துறையின் வன்முறையையும் சாதியையும் பேசும் ‘சந்தோஷ்’, தணிக்கைச் சிக்கலால் இந்தியத் தியேட்டருக்கே வரவில்லை.

இரானில் இது இன்னும் கொடுமை. அங்கே தேர்வை நடத்துவது கலாச்சார அமைச்சகம் சார்ந்த ஃபராபி சினிமா அறக்கட்டளை. அரசுக்குத் தெரியாமல் படமெடுத்து, எட்டாண்டுச் சிறைத் தண்டனை பெற்று, மலைகளை நடந்தே கடந்து தப்பியவர் முகமது ரசூலோஃப். அவருடைய படத்தை ஜெர்மனி அனுப்பியது. அது இறுதிப் பரிந்துரை பெற்ற ஐந்து படங்களில் ஒன்றானது. 2025-ல் கான் விழாவின் தங்கப் பனை விருதை வென்ற ஜாஃபர் பனாஹியின் படத்தை பிரான்ஸ் அனுப்பியது. படத்தை உருவாக்கியவர்கள் அனுப்பும் நாட்டின் அகதிகளாக இருந்தாலும் ஏற்போம் என்று அகாடமி 2025-ல் விதியைத் திருத்தியது. நல்ல திருத்தம், ஆனால் போதாது. தஞ்சம் தேடாமல் சொந்த ஊரிலேயே இருந்து எதிர்த்துப் படமெடுப்பவர், வெளிநாட்டுத் தயாரிப்பாளர் கிடைக்காவிட்டால் என்ன செய்வார்?

மற்ற கேள்விகள்:

தமிழிலிருந்து எவை போயின? ‘தெய்வ மகன்’, ‘நாயகன்’, ‘விசாரணை’, ‘கூழாங்கல்’ உட்படப் பல. இறுதிப் பரிந்துரைக்கு ஒன்றும் வரவில்லை.

ஆங்கில வசனம் இருக்கலாமா? பாதிக்குக் குறைவாக. 2019-ல் நைஜீரியாவின் ‘லயன்ஹார்ட்’ இதனால்தான் தகுதி இழந்தது.

தேர்வாகாத படம் வேறு பிரிவுகளில் போட்டியிடலாமா? தாராளமாக. ‘நாட்டு நாட்டு’ பாடல் அப்படித்தான் வென்றது.

விருது யாருக்கு? 2025 விதிப்படி நாட்டுக்கு. இயக்குநர் அதன் சார்பில் பெற்றுக்கொள்வார்; சிலையில் அவர் பெயரைப் பொறிக்க 2014-ல்தான் முடிவெடுத்தார்கள்.