கூப்பிடு தூரத்தில் ஓர் அயல்நாடு

இராயபுரத்தில் நாம் குடியிருக்கும் தெருவிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் சமுத்திரம். ஊர் அடங்கிய பிறகு துறைமுகத்தில் கப்பல் ஊதுவது படுக்கையிலிருந்தே காதில் விழும். வடக்கே எண்ணூர்த் துறைமுகத்திலிருந்தோ புத்தம் புதிய மோட்டார் கார்கள் கப்பலேறித் தேசாந்தரம் போகின்றன. கார் போகிறது, அதைச் செய்த மனிதன் போக வழியில்லை! அந்தமானுக்குப் பிரயாணிக் கப்பல் உண்டு. ஆனால் அது நம் தேசமே. எப்போதேனும் ஓர் உல்லாசக் கப்பல் வந்து வசதி படைத்தவர்களை ஏற்றிக்கொண்டு போவதும் உண்டு. சாமான்யக் குடும்பம் ஒன்று மூட்டை முடிச்சுடன் ஏறி அயல்நாட்டில் இறங்குவதற்கு இக்கரையில் இன்று ஒழுங்கான கப்பல் கிடையாது.

முன்பு இப்படி இருந்ததில்லை. 1926 இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல்லாண்டுக் காலம் போய் வந்தது. அதன் பின் வந்தது ‘சிதம்பரம்’. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பற்றியது. அத்துடன் அந்த வழி மூடிக்கொண்டது.

இதையெல்லாம் நாம் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சரித்திரமாகச் சொல்லிக் கொண்டிருந்தோம். எதிர் வீட்டு அம்மாள் ஒரு நாள் வந்து கேட்ட கேள்விதான் அதைச் சொந்த விஷயமாக்கிற்று.

“வாத்தியார் ஐயா, யாழ்ப்பாணத்துக்குப் போக எத்தனை வழி இருக்கிறது? எங்கள் அக்காளை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்” என்றார்.

அக்காளுக்கு 1975 இல் யாழ்ப்பாணத்து மாப்பிள்ளையுடன் விவாகமாயிற்று. இராமேசுவரத்தில் கப்பல் ஏறிப் போனவர், முதல் பிரசவத்துக்கு ஒரு முறை வந்தார். பிறகு யுத்தம் வந்தது, கப்பல் நின்றது, கடிதமும் நின்றது. இப்போது கைபேசியில் முகம் தெரிகிறது. ஆனால் முகம் தெரிவது வேறு, கையைப் பிடித்துக்கொள்வது வேறு அல்லவா?

அந்த அம்மாளுக்காக நாம் விசாரித்து அறிந்தவற்றையும், 2025 ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் அவருடன் போய்க் கண்டவற்றையும் நேயர்களின் உபயோகத்துக்காக இங்கே எழுதுகிறோம்.

பழைய வழி

இராயபுரத்தாருக்கு ரெயில் புதிதல்ல. தென்னாட்டின் முதல் ரெயில் 1856 இல் புறப்பட்டது இங்கிருந்துதான். ஆனால் இலங்கைக்குப் போகும் ரெயில் என்றால் பெரியவர்கள் நினைவுக்கு வருவது ‘போட் மெயில்’. 1914 இல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடலாயிற்று. எழும்பூரில் வாங்கிய டிக்கட்டுடன் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் போய் இறங்கலாம். நடுவில் கடற்பயணம் சுமார் முப்பது கிலோமீட்டர். வெற்றிலை போட்டுப் பேசி முடிப்பதற்குள் அக்கரை வந்துவிடும்.

1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடிற்று. அதே 1964 இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த மலையகத் தமிழர்கள் ஆயிரமாயிரமாய்த் தாயகம் திரும்பியதும் இந்த வழியாகத்தான். கல்யாணப் பெண்ணையும் ஏற்றிற்று, கண்ணீரையும் ஏற்றிற்று அந்தக் கப்பல். 1984 இல் அதுவும் நின்றது.

இன்றைய நிலைமை வேடிக்கையானது. 2015 இல் தலைமன்னார் இறங்குதுறை வரை ரெயில் பாதையைப் புதுப்பித்துத் திறந்தார்கள். இக்கரையில் 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்து இராமேசுவரத்துக்கு மீண்டும் ரெயில் போகிறது. இரு கரையிலும் தண்டவாளம் வந்து நிற்கிறது. நடுவில் கப்பலைத்தான் காணோம்!

ஆகாய மார்க்கம்

அவசரமாகப் போக வேண்டியவர்களுக்கு விமானமே கதி. சென்னையிலிருந்து கொழும்புக்கு நாள்தோறும் பல விமானங்கள் உண்டு. அவை இறங்குமிடம் கட்டுநாயக்கா. கொழும்பு நகரிலிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல். யாழ்ப்பாணத்துக்கே போகிறவர்கள் கொழும்பைச் சுற்ற வேண்டியதில்லை. 2019 இல் பலாலியில் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. அங்கே சென்னையிலிருந்து நேரே விமானம் போகிறது. ஆகாயத்தில் இருக்கும் நேரம் ஒன்றரை மணிக்குள்தான்.

நம் வட சென்னையாருக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. 2021 முதல் மெட்ரோ ரெயில் விம்கோ நகரிலிருந்து புறப்பட்டு, திருவொற்றியூர், வண்ணாரப்பேட்டை வழியாக விமான நிலையத்துக்கே போகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறிப் பஸ் ஏறி அல்லற்பட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னோம். அம்மாள் கேட்டுக்கொண்டு, “அக்காள் கப்பலில் போனாள், நானும் கப்பலில்தான் போவேன்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அப்பளம், வடகம், நார்த்தங்காய் ஊறுகாய் என்று மூன்று மூட்டைகள் அதற்குள் தயாராகியிருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடல் மார்க்கம்

இன்று சாமான்யருக்கு உள்ள கப்பல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடுவதுதான். 2023 அக்டோபரில் ‘செரியபாணி’ என்ற கப்பலுடன் ஆரம்பித்து, சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலுடன் மறுபடியும் தொடங்கிய மார்க்கம் இது. தூரம் சுமார் 110 கிலோமீட்டர்; கடல் அமைதியாக இருந்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரம். சென்னையிலிருந்து காரைக்கால் ரெயிலில் இரவு ஏறினால் காலையில் நாகையில் இறங்கலாம்.

பாஸ்போர்ட்டும், இலங்கை அரசாங்கம் மின்வழியில் வழங்கும் பிரயாண அநுமதியும் அவசியம். அநுமதிக் கட்டண விதிகள் சமீப வருஷங்களில் அடிக்கடி மாறியிருக்கின்றன. ஆகையால் தரகர் வார்த்தையை நம்பாமல், அந்த அரசாங்கத்தின் சொந்த இணையதளத்தைப் பார்த்தே பணம் கட்ட வேண்டும்.

கப்பலில் போகிறவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும்: கடலுக்குக் கால அட்டவணை கிடையாது. வடகிழக்குப் பருவ மழைக் காலத்தில் போக்குவரத்து நிற்பதுண்டு. மற்ற நாட்களிலும் காற்று முறைத்தால் கப்பல் புறப்படாது. நமக்கும் அப்படியே நேர்ந்தது. விடிந்தும் விடியாததுமாகத் துறைமுகத்துக்குப் போனோம். அன்று கப்பல் இல்லை என்றார்கள். அம்மாள் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஐம்பது வருஷம் காத்தவளுக்கு ஒரு நாளா பெரிது?” என்று அவரே நமக்குத் தேறுதல் சொன்னார். போக ஒரு நாள், வர ஒரு நாள் கையிருப்பாக வைத்துக்கொள்ளாதவர்கள் இவ்வழியில் போகலாகாது.

மறுநாள் புறப்பட்டோம். கரை மறைந்த சிறிது நேரத்துக்கெல்லாம் பலருக்குத் தலை சுற்றல். வயிற்றைக் காலியாகவும் வைக்காமல் நிரப்பவும் செய்யாமல் இரண்டு இட்டிலியோடு ஏறுவது உத்தமம். அம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

காங்கேசன்துறையில் சுங்கச் சோதனை முடிந்து வெளியே வந்தால், கம்பி வேலிக்கு அப்பால் ஒரு நரைத்த தலை. இருவரும் ஒருவரை ஒருவர் உடனே அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பிறகு அக்காள், “நீ அம்மா மாதிரி ஆகிவிட்டாயடி” என்றார். அதற்கு மேல் நாம் அங்கே நிற்கவில்லை. மூட்டைகளை எடுத்து வருகிற சாக்கில் அப்பால் போய்விட்டோம்.

தீவுக்குள்ளே

தீவுக்குள் சுற்றுவதற்கு மலிவானது பஸ். அங்கே 1958 இல் பஸ் போக்குவரத்தைத் தேசவுடைமையாக்கினார்கள். அந்த அரசாங்க பஸ்கள் சிவப்பு நிறம். ‘இ.போ.ச.’ என்றால் எல்லாருக்கும் தெரியும். தனியார் பஸ்களும் ஏராளம்; அவை வேகத்தில் முந்தும், நெரிசலிலும் முந்தும். பல பஸ்களின் நெற்றியில் அசோக் லேலண்டு என்ற பெயரைக் கண்டபோது எண்ணூரையே கண்டதுபோல் நமக்கு ஒரு பூரிப்பு. பஸ் பலகைகளில் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் இருப்பதால் வழி தவறுமோ என்ற பயமில்லை.

தூர யாத்திரைக்கு ரெயிலே சிலாக்கியம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு சுமார் 400 கிலோமீட்டர். 1956 இல் ஓடத் தொடங்கிய ‘யாழ்தேவி’ என்ற வண்டி இந்தப் பாதையில் பிரசித்தம். போரினால் 1990 இல் நின்றுபோன வடக்குப் பாதை, 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம் வரையிலும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையிலும் மீண்டும் திறந்தது. அதைப் புதுப்பித்தது நம் தேசத்து இர்கான் நிறுவனம். கடனுதவி செய்தது நம் சர்க்கார். நம் வரிப்பணம் பீரங்கியாகாமல் தண்டவாளமாயிற்று என்று எண்ணும்போது மனத்துக்கு ஆறுதலாயிருக்கிறது. பண்டிகைக் காலமானால் டிக்கட்டை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867 இல் ரெயில் வந்தது. பதுளைக்கு 1924 இல் எட்டிற்று. நுவரெலியா போகிறவர்கள் நானுஓயாவில் இறங்க வேண்டும். மலைச்சரிவுகளும் தேயிலைத் தோட்டங்களும் கண்ணைப் பறிக்கும் பாதை இது. ஆனால் 2025 நவம்பரில் ‘டித்வா’ புயல் அத்தீவைச் சூறையாடியபோது மண்சரிவால் மலைநாட்டு ரெயில் பாதை பெரிதும் சிதைந்தது. ஆகவே எந்த ஸ்டேஷன் வரை வண்டி போகிறது என்று கேட்டறிந்த பிறகே அப்பக்கம் பிரயாணத்தை வகுக்க வேண்டும். அந்தத் தோட்டங்களுக்கு முதன்முதல் போன தமிழர்களுக்கு ரெயில் ஏது? மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர் அநேகர். ஜன்னலோரம் அமர்ந்து தேநீர் பருகும் நாம் அவர்களை ஒரு கணமேனும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள்.

நகரங்களில் நம் ஆட்டோவை ‘த்ரீ வீலர்’ என்கிறார்கள். மீட்டர் போடாதவரிடம் வாடகையை முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள். பேசும்போது ஒரு விஷயம் மறக்கலாகாது: அவர்கள் நாணயத்துக்கும் ரூபாய் என்றே பெயர்; ஆனால் மதிப்பு வேறு. தொகையைக் கேட்டவுடன் திகைத்துச் சண்டைக்குப் போவது அழகல்ல.

யாழ்ப்பாணம் வரை போனவர்கள் நயினாதீவுக்குப் போகாமல் திரும்பக் கூடாது. குறிகட்டுவான் துறை வரை பஸ். அங்கிருந்து மோட்டார் படகு. நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கும் தமிழரும், நாகதீப விகாரையைத் தரிசிக்கும் சிங்களவரும் ஒரே படகில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து போகிறார்கள். அலை வந்தால் இருவர் மீதும்தான் தெறிக்கிறது.

நாம் செய்யக்கூடியது

இந்தக் கடலில் சொந்தக் கப்பல் விட வேண்டும் என்று வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் ஓடிற்று. அந்நியக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து ஆசை காட்டியது. அந்நிய சர்க்கார் 1908 இல் அவரைச் சிறையில் தள்ளியது. 1911 இல் கம்பெனி கலைந்தது. பிறகு 2011 ஜூனில் அதே தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஒரு கப்பல் விட்டார்கள். அது சில மாதங்களிலேயே நின்றது. அந்நியன் இல்லாத காலத்திலும் கப்பல் நிற்கிறது என்றால் குற்றம் யாருடையது?

கப்பல் காற்றால் மட்டும் நிற்பதில்லை. ஏற ஆளில்லாவிட்டாலும் நின்றுவிடும். ஆகையால் அவசரமில்லாத பிரயாணத்துக்கேனும் போகும்போதோ வரும்போதோ ஒரு வழி கப்பலில் போங்கள் என்று நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நாமும் அப்படியே செய்தோம். பள்ளி திறக்கும் நாள் நெருங்கிவிட்டதால் திரும்புகையில் கொழும்பிலிருந்து விமானம் ஏறினோம். நாகையில் ஒரு கப்பல் நிலைத்தால்தான் இராமேசுவரத்தில் ஒன்றைக் கேட்க நமக்கு வாய் இருக்கும்; பின்னொரு நாள் சென்னையிலும் கேட்கலாம்.

அம்மாள் நம்முடன் திரும்பவில்லை. அக்காளோடு இன்னும் இரண்டு வாரம் இருந்துவிட்டுக் கப்பலிலேயே வந்து சேர்ந்தார். மூன்று மூட்டைகள் போயின, நான்கு வந்தன. நான்காவதில் பனங்கட்டியும் ஒடியல் மாவும். அதில் ஒரு பங்கு நம் வீட்டுக்கும் வந்தது.

“அக்காள் அடுத்த மாசிக்கு இங்கே வருகிறாளாம், வாத்தியார் ஐயா. அதுவரைக்கும் கப்பல் ஓடுமா?” என்று கேட்டார்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாமெல்லோருமே.