இருட்டுக்கு யார் சொந்தக்காரர்?

மேகாலயாவின் மலைகளுக்கு அடியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஓர் இருள் உலகம் நீண்டு கிடக்கிறது. அதன் குடிமக்களை எண்ணி முடிப்பதற்குள் கூரை போய்விடுமோ என்பதுதான் கவலை

தண்ணீரில் பிஸ்கட் துண்டுகள் விழுந்ததும் மீன்கள் திரண்டு வந்துவிட்டன. சாயம் போன துணி மாதிரி வெளிறிய உடல். பெரிய மீன்களின் முகத்தில் கண் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆனால் அளவைப் பார்த்தால் சந்தைக் கூடையில் வைத்து விற்கலாம் போல இருந்தன.

மேகாலயாவின் ஜைந்தியா மலையில், உம் லாடாவ் என்ற குகைக்குள் 2019ல் நடந்த சம்பவம் இது. பிஸ்கட்டோடு போனவர் ஸ்காட்லாந்தின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உயிரியலாளர் டேனியல் ஹாரிஸ். இந்தக் குகையில் பெரிய மீன்கள் இருப்பதாக வேறு குகைப் பயணிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். நேரில் பார்த்தபோது அந்தப் பேச்சில் மிகையில்லை என்று தெரிந்தது. நிலத்தடியில் மட்டுமே வாழும் மீன் இனங்கள் உலகில் 250க்கு மேல் அறியப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை விரல் நீளத்தைத் தாண்டுவதில்லை. இந்த மீனோ 40 செ.மீ.க்கு மேல் இருந்தது. அதுவரை அறியப்பட்ட குகை மீன்களைவிடப் பருமனில் சுமார் பத்து மடங்கு என்று கணக்கிட்டார்கள்.

2023ல் அது தனி இனம் என்று அறிவிக்கப்பட்டு, நியோலிசோகைலஸ் ப்னார் என்று பெயரும் வைக்கப்பட்டது. ப்னார் என்பது ஜைந்தியா மலையின் மக்களுடைய பெயர். மலை ஓடைகளில் துள்ளும் மஹசீர் வகை மீன்களுக்கு இது நெருங்கிய உறவு. என்றைக்கோ நிலத்தடிக்கு வழி தவறி வந்த மூதாதைகளின் வாரிசு.

விஞ்ஞானிகளுக்குப் புரியாத புதிர் ஒன்று உண்டு. வெயில் இல்லாத இடத்தில் செடி இல்லை. செடி இல்லாத இடத்தில் சாப்பாடு அரிது. குகைப் பிராணிகள் சிறுத்துப்போவதற்கு அதுவே காரணம். அப்படியிருக்க இந்த மீன் எதைத் தின்று இவ்வளவு பெரிதாக வளர்ந்தது? விடை தேட வேண்டுமானால் அந்த உலகத்துக்குள் இறங்க வேண்டும்.

மழை குடைந்த நாடு

நாவலாசிரியர்கள் பாதாள உலகங்களைப் படைக்க மிகவும் சிரமப்படுகிறார்கள். மேகாலயாவில் அந்த வேலையை மழை செய்து முடித்துவிட்டது. மௌசின்ராமில் ஆண்டுக்குச் சராசரியாக 11,800 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. பக்கத்து சிரபுஞ்சியில் 1860 ஆகஸ்ட் தொடங்கி 1861 ஜூலை வரை பெய்த 26,461 மி.மீ. மழை இன்றும் உலக சாதனை. அந்த மழை காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மிக மெல்லிய அமிலமாகிறது. மலையின் தென் சரிவில் இருப்பதோ பழங்காலக் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை. அமிலம் விரிசலில் புகுகிறது, விரிசல் துவாரமாகிறது, துவாரம் மண்டபமாகிறது. லட்சக்கணக்கான ஆண்டுகள் விடாமல் நடக்கும் வேலை.

காசி மொழியில் குகைக்குக் 'கிரெம்' என்று பெயர். ஜைந்தியா மலையின் ஷ்னோங்ரிம் முகட்டுக்கு அடியில் இருக்கும் கிரெம் லியட் பிரா சுமார் 31 கி.மீ. நீளம். அளந்து வரைபடமாக்கிய இந்தியச் சுண்ணாம்புக் குகைகளில் இதுவே மிக நீளமானதாகக் கருதப்படுகிறது. அதன் பிரதான வழிக்குக் குகைப் பயணிகள் வைத்த பெயர் 'விமானக் கொட்டகை'. அவ்வளவு அகலம், அவ்வளவு உயரம்.

மௌசின்ராம் பக்கம் 2016ல் கண்டறியப்பட்டு 2018ல் முழுமையாக அளக்கப்பட்ட கிரெம் பூரி இன்னும் விசித்திரமானது. அது சுண்ணாம்புக் குகை அல்ல, மணற்பாறைக் குகை. நீளம் 24.5 கி.மீ. அளந்தபோது உலகின் மிக நீளமான மணற்பாறைக் குகை என்ற இடத்தை வெனிசுலாவிடமிருந்து அது தட்டிப் பறித்தது. உள்ளே சுறாக்களின் பற்களும், டைனோசர் காலத்துக் கடல் ஊர்வனவற்றின் எலும்புகளும் பாறையில் பதிந்து கிடக்கின்றன. கடல்மட்டத்துக்கு வெகு உயரத்தில் இருக்கும் மலைக்குள் சுறாவின் பல்!

இந்த இருட்டு காசி மக்களுக்குப் புதிதல்ல. 'பூரி' என்பதே அவர்கள் கதைகளில் வரும் நீர்த் தேவதை. கோபித்துக்கொண்ட சூரியன் ஒரு குகைக்குள் போய் ஒளிந்துகொண்டதாகவும், உலகம் இருண்டதாகவும், யார் யாரோ முயன்று தோற்றபின் சேவல் தூது போய் அவளை அழைத்து வந்ததாகவும் ஒரு பழங்கதை உண்டு. (அங்கே சூரியன் பெண்.) காசி மக்களின் சின்னங்களில் சேவல் இடம்பெற்றிருப்பது அதனால்தான்.

கயிறும் அளவு நாடாவும்

வரைபடத்தில் இல்லாத இந்த நாட்டை வரைபடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அரசு அதிகாரிகள் அல்ல, பொழுதுபோக்காகக் குகைக்குள் இறங்கியவர்கள். ஷில்லாங்கைச் சேர்ந்த முன்னாள் வங்கி அதிகாரி பிரையன் கார்ப்ரான் டாலி அவர்களில் முக்கியமானவர். 1990ல் அவரும் நண்பர்களும் மேகாலயா சாகச வீரர்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1992 முதல் பிரிட்டன், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளிலிருந்து குகை ஆர்வலர்கள் வரத் தொடங்கினார்கள்.

பெரும்பாலும் பிப்ரவரியை ஒட்டிய வறண்ட வாரங்களில்தான் வேலை. மழைக்காலத்தில் குகைக்குள் போவது தற்கொலைக்குச் சமம். கழுத்தளவு நீரில் நடந்து, சேற்றில் தவழ்ந்து, கயிற்றில் தொங்கி, ஒவ்வொரு வளைவையும் நாடா பிடித்து அளந்தார்கள். எந்தப் புதருக்குப் பின்னால் வாசல் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தவர்கள் கிராமத்து மக்கள். இப்படித்தான் மாநிலத்தில் 1,600க்கும் அதிகமான குகைகள் பட்டியலுக்கு வந்தன. அளந்து முடித்த வழிகளின் மொத்த நீளம் 400 கி.மீ.யைத் தாண்டிவிட்டது. சென்னையிலிருந்து திருச்சியைக் கடந்து போகும் தூரம், மொத்தமும் நிலத்துக்கு அடியில்.

வௌவால் போடும் சோறு

கீழே வாழ்பவர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். வந்து போகும் விருந்தாளிகள், உள்ளேயும் வெளியேயும் வாழக்கூடியவர்கள், வெளியே வந்தால் பிழைக்கவே முடியாத நிரந்தரவாசிகள். வௌவால் முதல் வகை. ஆனால் அதை நம்பித்தான் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. இரவெல்லாம் வெளியே மேய்ந்துவிட்டுத் திரும்பும் வௌவால்கள் எச்சத்தைத் தரையில் குவிக்கின்றன. அதில் பூஞ்சை வளர்கிறது. பூஞ்சையையும் எச்சத்தையும் தின்னப் பூச்சிகள், பூச்சிகளைத் தின்னச் சிலந்திகள். மீதிச் சாப்பாட்டை மழைவெள்ளம் கொண்டுவருகிறது: இலை, சுள்ளி, செத்த பூச்சி. அந்தப் பெரிய மீனின் புதிருக்கு விடை இந்த வெள்ளத்தில் இருக்கலாம் என்பது ஒரு ஊகம். உலகிலேயே அதிகமாக மழை பெய்யும் மலைக்கு அடியில், அடித்து வரப்படும் தீனிக்கும் பஞ்சம் இருக்காது.

இந்தக் கணக்கை இந்தியாவில் முதலில் விரிவாக எடுத்தவர்கள் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் ஸ்டான்லி கெம்ப்பும் சோப்ராவும். 1922ல் காரோ மலையின் சிஜு குகையில் இறங்கி நத்தை முதல் வௌவால் வரை பட்டியலிட்டார்கள். அதே சிஜுவில், அதே ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் வாசலிலிருந்து 100 மீட்டர் உள்ளே பிடித்த தவளை, 2023ல் அமோலோப்ஸ் சிஜு என்ற புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பட்டியல் முடியவில்லை.

2007ல் ஜைந்தியா மலையின் சின்ராங் பாமியாங் குகையிலிருந்து கண்ணில்லாத அயிரை வகை மீன் ஒன்று விவரிக்கப்பட்டது. தலையின் அடிப்பக்கம் முழுக்கச் சிறு சிறு புடைப்புகள். பார்வை பயன்படாத இடத்தில் மற்ற புலன்கள்தான் வழிகாட்டி. இருட்டில் கண் வீண் செலவு, நிறமும் அப்படியே. வேண்டாத செலவுகளைத் தலைமுறை தலைமுறையாகக் குறைத்துக்கொண்டே வந்த குடும்பங்கள் இவை.

இருட்டில் வாழும் மீன்கள் மேகாலயாவின் தனிச்சொத்து அல்ல. கேரளத்தில் செம்பாறைக்கு அடியில் உள்ள நீரில் குருட்டுக் கெளுத்திகள் வாழ்கின்றன. கிணற்று நீரில் எப்போதாவது மேலே வந்து வீட்டுக்காரர்களைத் திகைக்க வைக்கும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு ஒரு வயலில் அகப்பட்ட நிலத்தடி விரால் ஒன்றுக்கு, டோல்கீனின் கற்பனைக் கதையில் பாதாளத்தில் பதுங்கி வாழும் கோலும் என்ற பாத்திரத்தின் பெயரையே விஞ்ஞானிகள் சூட்டிவிட்டார்கள்.

கல்லில் எழுதிய பஞ்சம்

குகைகள் பிராணிகளை மட்டும் பாதுகாக்கவில்லை. கூரையிலிருந்து சொட்டும் நீர் தரையில் விட்டுச்செல்லும் சுண்ணாம்பு, படலம் படலமாக உயர்ந்து தூணாகிறது. ஒவ்வொரு படலத்திலும் அந்தக் காலத்து மழையின் ரசாயனக் குறிப்பு இருக்கும். சிரபுஞ்சி அருகே மௌம்லு குகையிலிருந்து எடுத்த இப்படியொரு தூணைப் படித்தபோது, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை திடீரெனப் பலவீனமானது தெரிந்தது. எகிப்திலிருந்து சீனா வரை பழைய நாகரிகங்கள் தடுமாறிய காலம் அது. மழை குறைந்ததே தடுமாற்றத்துக்குக் காரணமா என்பதில் தொல்லியலாளர்களிடையே இன்னும் தகராறு உண்டு.

ஆனாலும் 2018ல் சர்வதேசப் புவியியலாளர்கள், நாம் வாழும் இந்தக் காலப்பகுதிக்கே 'மேகாலயன் யுகம்' என்று பெயர் வைத்தார்கள். அதன் தொடக்கத்துக்கு அத்தாட்சி இந்த மௌம்லு தூண். பூமியின் நாள்காட்டியில் ஓர் இந்திய மாநிலத்தின் பெயர் ஏறியது ஒரு குகையின் தயவால். அந்தத் தூண் வளர்ந்த பாறை எதுவோ அதையே சிமெண்ட் ஆலைகளும் கேட்கின்றன.

மேலே சிமெண்ட், கீழே மீன்

ஜைந்தியா மலையில் சுண்ணாம்புக் கல் ஏராளம், நிலக்கரியும் உண்டு. 2000க்குப் பிறகு லும்ஷ்னோங் வட்டாரத்தில் சிமெண்ட் ஆலைகள் வரிசையாக முளைத்தன. சுரங்கத்தில் வெடி வைத்தால் குகையின் கூரை அதிரும். கல்லை வெட்டி எடுத்துவிட்டால் குகையே இருக்காது. லியட் பிரா இருக்கும் முகட்டில் கல் தோண்டுவதற்கு எதிராகக் குகை ஆர்வலர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்.

நிலக்கரி வேறு விதத்தில் கொல்கிறது. கைவிடப்பட்ட எலிவளைச் சுரங்கங்களில் தேங்கும் நீர், கரியில் உள்ள கந்தகத்தால் அமிலமாகி ஆறுகளில் கலக்கிறது. லுகா ஆறு குளிர்காலங்களில் விநோதமான நீல நிறமாக மாறியதை நாடே படத்தில் பார்த்தது. ஆற்று நீர்தான் குகைக்குள்ளும் போகிறது. எலிவளைச் சுரங்கங்களுக்கு 2014 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. தோண்டுவது நிற்கவில்லை. 2018 டிசம்பரில் க்சான் என்ற இடத்தில் சட்டவிரோதச் சுரங்கத்துக்குள் ஆற்று நீர் புகுந்து 15 பேராவது சிக்கிக்கொண்டார்கள். ஒருவரைக்கூட உயிரோடு மீட்க முடியவில்லை. நிலத்தடி ஆபத்து மீனுக்கு மட்டுமல்ல.

இதில் வில்லன் யார் என்று சுட்டிக்காட்டுவது எளிதல்ல. மேகாலயா அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணைக்குள் வரும் மாநிலம். நிலத்தில் பெரும்பகுதி அரசுடையது அல்ல, குலங்களுக்கும் குடும்பங்களுக்கும் சொந்தம். நிலத்துக்கு அடியில் இருக்கும் கனிமமும் அவர்களுடையதே என்பதை 2019ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சுரங்கச் சட்டங்களுக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தது. பழங்குடி மக்களின் உரிமை என்ற வகையில் அது பெரிய வெற்றி. ஆனால் விவசாயத்தில் வருமானம் குறைந்த குடும்பத்திடம், மலைக்குள் கண்ணில்லாத மீன் இருக்கிறது, கல்லை விற்காதே என்று சொல்ல வேண்டுமானால், கூடவே வேறு வருமானத்துக்கும் வழி சொல்ல வேண்டும்.

அமெரிக்கா 1988லேயே தன் அரசு நிலங்களில் உள்ள குகைகளுக்குத் தனிச் சட்டம் போட்டது. இந்தியாவில் தேசிய அளவில் அப்படியொரு சட்டம் இல்லை. இங்கே காட்டுக்குச் சட்டம் உண்டு, காட்டு விலங்குக்குச் சட்டம் உண்டு, கோயில் குடைந்த குகைக்குத் தொல்லியல் சட்டம் உண்டு. சாமி இல்லாத வெறும் குகைக்கு எதுவும் இல்லை.

சுற்றுலாவை மாற்று வழியாகச் சொல்கிறார்கள். சிரபுஞ்சி அருகே மௌஸ்மாய் குகையில் மின்விளக்கு போட்டுப் பயணிகளை உள்ளே விடுகிறார்கள். டிக்கெட், வழிகாட்டி, தேநீர்க் கடை என்று உள்ளூர்க்காரர்களுக்குப் பிழைப்பு நடக்கிறது. ஆனால் எல்லாக் குகைக்கும் இது மருந்தல்ல. விளக்கு எரிந்தால் பாசி படரும், கூச்சல் போட்டால் வௌவால் ஓடும். வௌவால் போனால் அதை நம்பிய பந்தியே கலைந்துவிடும். சில குகைகளைக் காட்டி அந்த வருமானத்தில் மற்றவற்றைப் பூட்டிவைப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி. எதைக் காட்டுவது, எதைப் பூட்டுவது என்று முடிவு செய்ய, எங்கே என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்தாக வேண்டும். சுரங்க அனுமதி தருவதற்கு முன் அந்த மலையின் வயிற்றை அளந்து பார்ப்பதைக் கட்டாயமாக்குவது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. விடுமுறைக்கு வந்தவர்கள் கயிறும் நாடாவும் கொண்டு 400 கி.மீ. அளந்திருக்கிறார்கள்.

ப்னார் மீன் உலகுக்கு அறிமுகமானபோது அதன் முகவரி இரண்டே குகைகள்: உம் லாடாவ், சிம்பே. பிஸ்கட்டுக்கு ஓடிவந்ததைப் பார்த்தால், மனிதர்களிடம் பயப்பட வேண்டும் என்பதை அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.