விலகுவோர்க்கும் ஒரு வாயில்

புங்குடுதீவு மடத்துவெளியைத் தாயகமாகக் கொண்டோர் பலர் இன்று கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் வாழ்கின்றனர். ஊர்ச் சங்கம் ஒன்று அவர்களுக்கு மின்னஞ்சலிலே செய்திமடல் அனுப்புகின்றது எனக் கொள்க. மடல் வேண்டாம் என்பவர் விலகுதற்கும் வழி வேண்டுமன்றோ?

அவ்வழி ஒரு சிறு படிவம். அதிலே முகவரியை எழுதி அனுப்பினால், வழங்கிக் கணினியிலுள்ள நிரல் அதனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். பிஎச்பி மொழியில் இதனைச் சில வரிகளில் எழுதலாம். ஆனால், ஒருவர் முகவரியை மற்றொருவர் எழுதி அவரை விலக்கிவிடவும் கூடும்.

ஆதலால் ஒவ்வொருவருக்கும் பிறர் ஊகிக்கவியலாத குறியீடு ஒன்றை வழங்கி, மடலின் அடியிலுள்ள இணைப்பிலே அதனைச் சேர்த்தல் நன்று. இணைப்பைத் திறந்தவுடனே நீக்கிவிடலும் ஆகாது. மடல்களைச் சோதிக்கும் காவல் நிரல்கள் தாமாகவே இணைப்புகளைத் திறப்பதுண்டு. திறந்த பக்கத்திலே, “விலகுகின்றேன்” என்னும் பொத்தானை அழுத்திய பின்னரே நிரல் செயற்பட வேண்டும்.

அப்பொழுதும் முகவரியை அடியோடு அழித்தல் கூடாது. “விலகினார்” என்று குறித்து, நாளையும் பதிதல் வேண்டும். இன்றேல் பழைய பட்டியலொன்றை எவரேனும் மீண்டும் ஏற்றும்போது, விலகியவருக்கு மறுபடியும் மடல் செல்லும்.

கனடாவில் 2014 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம், வணிக மின்மடல்களிலிருந்து விலக விரும்புவோரின் வேண்டுகோளை 10 வேலை நாள்களுக்குள் நிறைவேற்றப் பணிக்கின்றது. நிரலோ அதனை ஒரு நொடியில் முடிக்கும். வேண்டாம் என்றவரின் சொல்லை மதிக்கும் சங்கத்தின் மடலையே, வேண்டுமென்போர் நம்பித் திறப்பர்.