உஷார்! புது ஷூவோடு பழனிக்குக் கிளம்பாதீர்கள்

டிசம்பரில் கோயமுத்தூர் மாரத்தான். தை பிறந்தால் பழனி பாதயாத்திரை. இந்த இரண்டு மாதமும் ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் சாயங்காலம் நின்று பாருங்கள், நடக்கிற கால்களில் பாதி புது ஷூ. வாங்கட்டும், தப்பில்லை. அட்டைப்பெட்டியைப் பிரித்த மறுநாளே அதை மாட்டிக்கொண்டு நெடுநடைக்குக் கிளம்புகிறார்களே, ஆபத்து அங்கேதான்!

கோவையிலிருந்து கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனி நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1,300 அடி எடுத்து வைக்கிறோம். அதாவது ஒவ்வொரு குதிகாலும் அறுபதாயிரம் தடவைக்கு மேல் ஷூவின் பின்பக்கத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டும். ஈச்சனாரிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும்போது குதிகாலில் சுருசுருவென்று இருக்கும். கிணத்துக்கடவில் நொண்டல். பொள்ளாச்சி வருவதற்குள் ஷூ கைக்கு வந்துவிடும். வெறுங்காலோடு தார் ரோட்டில் இறங்கினால் உச்சி வெயில் அடுத்த கொப்புளத்தைக் கொடுக்கும்.

தோல் மேலே உரசித் தேய்வதால் மட்டும் கொப்புளம் வருவதில்லை. மேல்தோல் சாக்ஸோடும் ஷூவோடும் ஒட்டிக்கொண்டு ஓரிடத்தில் நிற்கிறது. உள்ளே எலும்பு முன்னும் பின்னும் போய் வருகிறது. இந்த இழுபறியில் தோலின் உள்ளடுக்கு கிழிந்து, அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. வேர்வையில் நசநசத்த தோல் இன்னும் இறுக்கமாக ஒட்டும். வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும் பருத்தி சாக்ஸ் அதனால்தான் நெடுநடைக்கு ஆகாது. கொப்புளம் எழும்பும் முன் அந்த இடம் சூடாகும். அதுதான் எச்சரிக்கை மணி. அந்த நிமிடமே ஓரமாக உட்கார்ந்து, மருந்துக்கடையில் கிடைக்கும் காகித பிளாஸ்திரியை ஒட்டிவிட வேண்டும். கிளம்பும் முன்பே ஒட்டிக்கொள்வது இன்னும் நல்லது. பாலைவன நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர் கிராண்ட் லிப்மன் குழு சோதித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த மலிவான பிளாஸ்திரி ஒட்டிய இடங்களில் கொப்புளம் நன்றாகவே குறைந்திருந்தது.

ஒரு கொப்புளத்துக்கா இத்தனை கூச்சல் என்பவர்களுக்கு: 1924 ஜூன் 30 அன்று அமெரிக்க ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜின் பதினாறு வயது மகன், சாக்ஸ் போடாமல் ஷூ மாட்டிக்கொண்டு வெள்ளை மாளிகை மைதானத்தில் டென்னிஸ் ஆடினான். கால் விரலில் ஒரு கொப்புளம். அதன் வழியே கிருமி ரத்தத்தில் கலந்தது. ஜூலை 7 அன்று பையன் இல்லை. நாட்டின் முதல் குடிமகன் வீட்டுப் பிள்ளை, ஒரே வாரம்! பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928-ல்தான். இன்று மருந்து இருக்கிறது, உண்மை. மருந்து இருக்கும் இடத்துக்கு நேரத்தோடு போக வேண்டுமே.

அப்படிப் போகாதவர்கள் யார்? வலிக்காதவர்கள்.

இனி வருவதைச் சர்க்கரை உள்ளவர்கள் இரண்டு தடவை படியுங்கள். ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று ரேஸ்கோர்ஸைச் சுற்றுகிறவர்களில் எத்தனை பேருக்குப் பாதம் மரத்திருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியாது. மரத்த காலுக்கு ஷூ கடித்தால் உறைக்காது. நொண்டாமல் நடப்பார்கள். கொப்புளம் உடையும், புண்ணாகும், ராத்திரி சாக்ஸில் ஈரக் கறையைப் பார்த்த பிறகுதான் விஷயமே தெரியும். சிலருக்கு அது விரலை எடுப்பதில் போய் முடிகிறது.

இந்தப் பாடத்தை உலகம் கற்றதே நம் வேலூரில். 1946-ல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வேலைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் அழுகுவதற்கு நோய் நேரடிக் காரணமில்லை, வலி தெரியாமல் அதே இடத்தை மிதித்து மிதித்துப் புண்ணாக்கிக்கொள்வதுதான் காரணம் என்று காட்டினார். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் சர்க்கரைக்காரர்களுக்கு எழுதிக்கொடுக்கிறார்களே, அந்த மெத்தென்ற ரப்பர் செருப்பு தொழுநோயாளிகளுக்காக அங்கே நடந்த வேலையில் உருவானது. புண் வருமுன் அந்த இடம் சூடாகும் என்பதைக் கையால் தொட்டே அவர் கண்டுபிடிப்பார். நீங்களும் ராத்திரி இரண்டு பாதத்தையும் புறங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு திட்டு மட்டும் கதகதவென்றிருந்தால் மறுநாள் அந்த ஷூ வேண்டாம்.

ஆர்.எஸ்.புரத்துக்கென்றே ஒரு விசேஷ ஆபத்து உண்டு: அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் ஷூ. "சைஸ் என்னப்பா?" "எட்டு, கண்ணு." நம் ஊர்க் கடையில் எட்டு என்றால் பிரிட்டிஷ் எட்டு. ஆண்கள் ஷூவில் அமெரிக்க எட்டு அதைவிட ஏறக்குறைய ஒரு சைஸ் சின்னது. பெண்கள் ஷூவில் வித்தியாசம் இன்னும் அதிகம். பையன் ஆசையாக அனுப்பியதாச்சே என்று அப்பாவும் வாய் திறக்காமல் விரலை மடக்கி நுழைத்துக்கொண்டு நடப்பார். வேண்டாங்க! பெட்டியில் எந்த நாட்டு எண் என்று பாருங்கள்.

கடைக்குச் சாயங்காலமாகப் போங்கள், அப்போதுதான் கால் லேசாக வீங்கி நிஜ அளவில் இருக்கும். நடக்கும்போது போடும் சாக்ஸையே கொண்டுபோங்கள். நின்றபடி பார்த்தால் நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். போடும் முன் ஷூவுக்குள் கையை விட்டு நுனிவரை துழாவுங்கள். கசக்கித் திணித்த காகிதமும் ஈரம் உறிஞ்சும் அந்தக் குட்டிப் பொட்டலமும் நுனியில் ஒளிந்திருக்கும். மரத்த கால் அதன்மேல் நாள் முழுக்க நடந்தாலும் தெரியாது. பிறகு வீட்டுக்குள் ஒரு மணி நேரம், தெருமுனைவரை, காந்தி பார்க் வரை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

வந்தேவிட்டதா? சின்னக் கொப்புளத்தை உடைக்காதீர்கள். மேல்தோலைவிட நல்ல கட்டு கிடையாது. பெரிதாகி நடக்கவே முடியாவிட்டால், சுத்தமான ஊசியால் ஓரத்தில் மட்டும் குத்தி நீரை வடியவிட்டு, தோலை உரிக்காமல் மூடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஊசியைத் தொடவே கூடாது, நேராக மருத்துவரிடம். சீழ், காலில் மேல்நோக்கி ஏறும் சிவப்புக் கோடு, தொடையிடுக்கில் நெறி கட்டுதல், காய்ச்சல் - இதில் ஒன்று தெரிந்தாலும் மஞ்சள் பற்றுப் போட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அடுத்த வாரமே பயணம் என்கிறவர்கள் அடி தேயாத பழைய ஷூவையே மாட்டுங்கள். புதுசு வீட்டில் இருக்கட்டும். பையில் வைத்துக்கொண்டு, உடுமலை தாண்டி மாற்றிப் பார்க்கலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம்.