காந்த வெப்பமூட்டலுக்கான பெரைட்டு நானோபடிகங்கள்

பெரைட்டு நானோபடிகங்கள் என்பவை இரும்பு ஆக்சைடை முதன்மைக் கூறாகக் கொண்ட மிக நுண்ணிய காந்தப் படிகங்கள் ஆகும். இவற்றின் அளவு சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரை இருக்கும். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. வேகமாகத் திசை மாறும் காந்தப்புலத்தில் இவை சூடாகின்றன. புற்றுநோய்க் கட்டியைச் சூடாக்கி அழிக்கும் காந்த வெப்பச் சிகிச்சைக்கு இப்பண்பே அடிப்படை. இரும்பு ஆக்சைடுத் துகள்களால் நிணநீர்க் கணுக்களைச் சூடாக்கும் ஆய்வை அமெரிக்காவில் கில்கிறிஸ்டு குழுவினர் 1957 இல் வெளியிட்டனர்.

வெப்பம் தோன்றும் விதம்

காந்தப்புலம் நொடிக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை அல்லது அதற்கும் மேலாக அலைவுறுகிறது. படிகத்தின் காந்தத் திருப்புத்திறன் அதைப் பின்தொடர்ந்து திரும்ப வேண்டும். படிகம் அசையாமல் திருப்புத்திறன் மட்டும் திரும்புவது நீல் தணிவு. நீர்மத்தில் படிகமே சுழல்வது பிரௌன் தணிவு. இவ்வாறு திரும்புவதில் ஏற்படும் பின்தங்கலால் இழக்கப்படும் ஆற்றல் வெப்பமாகிறது. படிகம் மிகச் சிறியதாயின் பின்தங்கல் இராது, வெப்பமும் குறையும். நீல் தணிவு நேரம் படிகத்தின் பருமனைப் பொறுத்து அடுக்குக்குறி முறையில் மாறுவதால், அளவில் ஏற்படும் சிறு வேறுபாடும் பெரிய விளைவைத் தரும்.

தயாரித்தல்

எளிய முறை இணைவீழ்படிவாக்கம் ஆகும். இரும்பு(2), இரும்பு(3) உப்புகளை 1:2 என்ற மோல் விகிதத்தில் காற்று நீக்கிய நீரில் கரைத்து, கலக்கிக்கொண்டே அம்மோனியாக் கரைசல் சேர்த்தால் கருநிற மேக்னடைட்டு வீழ்படிவாகும். ஆக்சிசனேற்றத்தைத் தவிர்க்க நைட்ரசன் வாயு செலுத்தப்படுகிறது. வீழ்படிவைக் காந்தத்தால் ஈர்த்துப் பிரித்துக் கழுவுவர். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க சிட்ரிக் அமிலம் அல்லது டெக்சுட்ரான் பூசப்படும். இம்முறையில் துகள்களின் அளவு சீராக அமைவதில்லை. கரிம இரும்புச் சேர்மத்தை உயர் கொதிநிலைக் கரைப்பானில் ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் சிதைத்தால் சீரான படிகங்கள் கிடைக்கும். ஆனால் அவற்றை நீரில் பரவச் செய்ய மேற்பரப்பை மாற்ற வேண்டும்.

சோதித்தல்

படிக அமைப்பை எக்சு-கதிர் விளிம்பு விளைவும், துகள் அளவை எலக்ட்ரான் நுண்ணோக்கியும், காந்தமாகும் திறனை அதிர்வு மாதிரிக் காந்தமானியும் காட்டும். அடுத்தது வெப்பச் சோதனை. துகள் கலந்த நீரைச் சுருளுக்குள் வைத்து, வெப்பநிலை உயரும் வீதம் அளக்கப்படுகிறது. உலோக வெப்பமானி தானே சூடாகிவிடும் என்பதால் ஒளியிழை வெப்பமானி பயன்படுகிறது. துகள் இல்லாத வெறும் நீரையும் இதே போல் சோதித்து, அதன் உயர்வைக் கழிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 1 கிராம் நீரில் 5 மில்லிகிராம் துகள் இருந்து, வெப்பநிலை நொடிக்கு 0.05 பாகை உயர்வதாகக் கொள்வோம். நீரின் தன்வெப்பம் 4.18 ஜூல் என்பதால் வெளிப்படும் திறன் 0.209 வாட்டு. இதை 0.005 கிராமால் வகுத்தால் கிராமுக்கு ஏறத்தாழ 42 வாட்டு. இது தன் உறிஞ்சல் வீதம் எனப்படும். புலத்தின் வலிமையும் அதிர்வெண்ணும் மாறினால் இம்மதிப்பும் மாறும். எனவே அவ்விரண்டையும் குறிப்பிடாமல் இரு துகள்களை ஒப்பிடுவது பொருளற்றது.

பாதுகாப்பு எல்லைகள்

கட்டியின் வெப்பநிலை பொதுவாக 42 முதல் 45 பாகை செல்சியசுக்குள் வைக்கப்படுகிறது. அதற்கு மேல் சென்றால் அருகிலுள்ள நலமான திசுவும் கெடும். புலத்தை விருப்பம்போல் வலுவாக்கவும் இயலாது. உடலில் தூண்டப்படும் சுழல் மின்னோட்டம் கட்டியில்லாத பகுதிகளையும் சூடாக்கும். ஆகவே குறைந்த புலத்திலேயே போதிய வெப்பம் தரும் படிகமே சிறந்தது. ஏறத்தாழ 585 பாகையில் உள்ள மேக்னடைட்டின் கியூரி வெப்பநிலை இங்குத் தடையாக உதவாது. துத்தநாகம் போன்றவற்றைச் சேர்த்து அதைப் பெரிதும் தாழ்த்தினால், குறித்த வெப்பநிலையை நெருங்கியதும் படிகம் காந்தத்தன்மை இழந்து, மேலும் சூடாவது தானாகவே நிற்கும்.